காற்றுக்கு வழிவிட்ட கலைஞர்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். 1937ஆம் ஆண்டு, ஜார்ஜ் நகாஷிமா என்னும் இளம் கட்டடக் கலைஞர் அந்நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்பாரிடம் பணியாற்றியவர். அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காக ரேமண்ட் வடிவமைத்த ‘கோல்கொண்டா’ விடுதியைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐதராபாத் சமஸ்தானத்திலிருந்து நிதி கிடைத்தமையால், அங்குள்ள கோட்டையின் பெயரே விடுதிக்கு அமைந்தது.

கடும் வெயிலும் ஈரக்காற்றும் நிறைந்த கடற்கரை நகரில், இயந்திரத்தின் துணையின்றி அறைகளைக் குளிர்விப்பது எவ்வாறு? கட்டடத்தின் அகன்ற முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கின. அவற்றில் சுவருக்கு மாற்றாகத் திறந்து மூடத்தக்க கிடைப்பலகைகள் அமைந்தன. அவை வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டன. இரட்டைக் கூரை வெப்பத்தைத் தணித்தது.

கட்டுமானப் பழக்கமற்ற ஆசிரமவாசிகளும் தொழிலாளர்களுடன் இணைந்து உழைத்தனர். அன்பர்கள் அளித்த பித்தளைப் பாத்திரங்கள் உருக்கப்பட்டுக் கதவுகளின் பொருத்துகள் ஆயின. சில மாதங்களில் முடியும் என எண்ணிய பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. எனினும் விரைவைவிடச் செம்மையே அங்குப் பெரிதாக மதிக்கப்பட்டது. நகாஷிமா ஊதியத்தைத் துறந்து ஆசிரமத்தில் இணைந்தார். அரவிந்தர் அவருக்குச் ‘சுந்தரானந்தர்’ எனப் பெயரிட்டார். பணி நிறைவுறும் முன்பே, 1939இல் அவர் புதுச்சேரியை விட்டுச் சென்றார்.

இரண்டாம் உலகப் போர் அவரது வாழ்வைப் புரட்டிப் போட்டது. ஜப்பானிய மரபினர் என்பதற்காகவே, 1942இல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் மினிடோகா முகாமில் அவர் அடைக்கப்பட்டார். பிறந்த நாடே அவரை ஐயுற்றது. அவரோ, அம்முகாமில் இருந்த தச்சர் ஒருவரிடம் மாணவராகி, ஜப்பானிய மரவேலை நுட்பங்களைக் கற்றார். மறு ஆண்டு, ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்றார்.

பின்னர்ப் பென்சில்வேனியாவில் தச்சுக்கூடம் நிறுவி, மரத்தின் வெடிப்பையும் முடிச்சையும் மறைக்காமல் அழகாக்கும் மரப்பொருள்களால் உலகப்புகழ் பெற்றார். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் பணியாற்றினார். கண்டந்தோறும் அமைதிக்கான மேசை ஒன்றை நிறுவ விரும்பிய அவர், 1990இல் மறைந்தார். ஆசியாவுக்கான மேசை இன்று புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இருக்கிறது.

இடத்தின் இயல்பை எதிர்க்காமல் அதனோடு இயைந்து கட்டுதல், பொருளை வீணாக்காமை, உழைப்பில் பொறுமை ஆகியவை கோல்கொண்டா கற்பிக்கும் பாடங்கள். அப்பாடங்களைத் தம் வாழ்வாக்கிக் கொண்டவர் நகாஷிமா.