பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு

கிரிக்கெட் உலகில் நம் சமுதாயத்தின் பெயரை முதன்முதலில் பொறித்தவர் பல்வங்கர் பாலு ஆவார். தார்வாரில் சமார் குலத்தில் பிறந்த அன்னார், புனாவில் ஐரோப்பியர் மன்றத்தில் ஆடுகளம் செப்பனிடும் பணியாளாக இருந்து, ஆங்கிலேயருக்குப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார். அவர் தொட்ட பந்தைத் தொட்ட இந்து ஆட்டக்காரர், அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர். தேநீரும் வெளியே, மண்குவளையில்தான்.

1906-ல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வெல்ல அவர் பந்துவீச்சு பெருந்துணையாயிற்று. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்றபோதும், அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் அணித்தலைவராக அவர் நியமிக்கப்படவேயில்லை. அப்பதவி 1923-ல் தம்பி விட்டலுக்கே கிடைத்தது.

1932-ல் சென்னைத் தலைவர்கள் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் புனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955-ல் மறைந்தார்.

அரசியலில் அவருடன் மாறுபடலாம். ஆனால் திறமையிருந்தும் தலைமை மறுக்கப்பட்ட அவ்வாழ்வை, மயிலையிலும் அடையாற்றிலும் பயிலும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆற்றலோடு கல்வியும் ஒற்றுமையும் சேர்ந்தாலன்றி அடைத்த கதவுகள் திறவா.