துணி வியாபாரி கடலுக்கடியில் போட்ட லைன்... யார் இந்த ஜான் பெண்டர்?

திருமுருகன்பூண்டியில் ஒரு பின்னலாடை கம்பெனியில் நீங்க மெர்ச்சண்டைசரா இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. மதியம் சாம்பிளை டேபிளில் விரிச்சு போட்டோ எடுத்து, ஜெர்மனியில் இருக்கிற பையருக்குத் தட்டிவிடுறீங்க. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுது. கழுத்து ரிப் அரை சென்டிமீட்டர் குறையணும், கலர் இன்னும் கொஞ்சம் டார்க்கா வேணும்னு. நீங்க கட்டிங் மாஸ்டரைத் தேடி ஓடுறீங்க.

அந்த போட்டோ எந்த வழியா ஜெர்மனிக்குப் போச்சு? வானத்துல சாட்டிலைட் வழியாதான்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. இல்லைங்க. கண்டம் விட்டுக் கண்டம் போற டேட்டாவில் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிளில்தான் போகுது. நம்ம ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போற முக்கியமான பாதை அரபிக்கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல். இந்தப் பாதையில் பம்பாயிலிருந்து லண்டன் வரைக்கும் முதன்முதலா செய்தி ஓடினது 1870-ல்.

அதைப் போட்டது ராஜாவும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. துணி வியாபாரி. பேரு ஜான் பெண்டர்.

திருப்பூர்க்காரங்க இவரைத் தெரிஞ்சு வெச்சுக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு. 1816-ல் அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில் லெவன் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில். அந்த ஆற்றங்கரை முழுக்கச் சாயப்பட்டறைகள், துணி வெளுக்கிற ஆலைகள். துருக்கிச் சிவப்பு என்று ஒரு சாயம் அங்கே பிரபலம். அந்தச் சிவப்புத் துணிக்கு மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று இந்தியா. ஆறு, சாயம், ஏற்றுமதி... நொய்யல் பக்கத்து ஆட்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

கிளாஸ்கோவில் படிக்கும்போது டிசைன் வரைவதில் தங்கப் பதக்கம் வாங்கியவர் பெண்டர். ஆனால் கை போனது வியாபாரத்துக்கு. முதலில் கிளாஸ்கோ, அப்புறம் மான்செஸ்டர். அன்றைய உலகத்துக்குப் பருத்தித் துணியின் தலைநகர் மான்செஸ்டர். அங்கே பெரிய பணக்காரர் ஆகிவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் இன்று நமக்கு அவர் பேரே தெரிந்திருக்காது.

அந்தக் காலத்து எக்ஸ்போர்ட் எப்படி நடந்தது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மான்செஸ்டரிலிருந்து பம்பாய்க்கு ஒரு கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் போய்ச் சேர இன்னொரு மாதம். இங்கே சந்தையில் துணி தேங்கிக் கிடக்கும்போது, அது தெரியாமல் அங்கே இன்னும் நாலு கப்பலில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பருத்தி விலை ஏறினது தெரியாமல் பழைய விலைக்கு ஒத்துக்கொண்டு கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. சரக்கு லேட்டானால் சமாளிக்கலாம். தகவல் லேட்டானால் பிசினஸ் காலி. 1850-களில் பெண்டர் தந்திக் கம்பெனிகளில் பணம் போட ஆரம்பித்தார்.

முதலில் இங்கிலாந்து, அயர்லாந்து அளவில் தந்தி. அடுத்தது அட்லாண்டிக். 1856-ல் அமெரிக்காவுக்குக் கடலடிக் கம்பி போட ஒரு கம்பெனி தொடங்கியபோது, ஆளுக்கு ஆயிரம் பவுண்ட் போட்ட வியாபாரிகளில் இவரும் ஒருவர், இயக்குநரும்கூட. 1857-ல் கம்பி அறுந்தது. 1858 ஆகஸ்டில் ஒருவழியா இணைப்பு கிடைத்தது. விக்டோரியா ராணி அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேரவே சுமார் 16 மணி நேரம் ஆச்சு. அதையும் ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. மூணு வாரத்தில் கம்பி செத்துப்போச்சு. சிக்னல் வீக்கா இருக்குன்னு மின்னழுத்தத்தைக் கண்டபடி ஏற்றிச் சாகடித்துவிட்டார்கள்.

இந்தியப் பக்கம் இதைவிட மோசம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு லண்டனுக்குப் பயம் வந்து, அவசரமாகச் செங்கடல் வழியா கம்பி போட வைத்தார்கள். ஒரு முழுச் செய்திகூட அந்தப் பாதை முழுவதும் சரியாக ஓடாமல் 1860-லேயே அது படுத்துவிட்டது. அரசு உத்தரவாதம் கொடுத்திருந்ததால், செத்துப்போன அந்தக் கம்பிக்காக மக்கள் வரிப்பணத்திலிருந்து வருஷத்துக்கு 36,000 பவுண்ட் கட்ட வேண்டியிருந்தது. ஐம்பது வருஷ ஒப்பந்தம்! அதற்கப்புறம் கடலடித் தந்தி என்றாலே அரசு அதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெண்டர் திருப்பவில்லை. 1864-ல் ஒரு காரியம் செய்தார். கம்பி முறுக்குகிற கம்பெனி ஒன்று, கம்பிக்கு மேல் காப்புறை போடுகிற கட்டாபர்ச்சா கம்பெனி ஒன்று. இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால்தான் உருப்படியான கேபிள் வரும் என்று நினைத்தார். காப்புறைக் கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். தன் சொந்தப் பொறுப்பில் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டு இணைத்தார். திட்டம் தோற்றால் மான்செஸ்டரில் சம்பாதித்ததெல்லாம் போயிருக்கும். நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாத்தையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் திருப்பூர் முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

அடுத்த வருஷம், அன்றைய உலகின் மிகப்பெரிய கப்பலான கிரேட் ஈஸ்டர்னில் கம்பியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் போட்ட பிறகு அறுந்து கடலடிக்குப் போய்விட்டது. கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. நாமாக இருந்தால் அன்றோடு இழுத்து மூடியிருப்போம். இவர்கள் இன்னொரு கம்பெனி தொடங்கி, திரும்பப் பணம் திரட்டி, 1866 ஜூலை 27-ல் புதுக் கம்பியைக் கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்தில் கரை சேர்த்தார்கள். போதாததற்கு, திரும்பிப் போய் முந்தைய வருஷம் அறுந்த கம்பியையும் சுமார் நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கொக்கி போட்டுத் தூக்கி ஒட்டவைத்து, அதையும் ஓட்டினார்கள். ஆரம்பக் கட்டணம் என்ன தெரியுமா? 20 சொல்லுக்கு 20 பவுண்ட். ஒரு சாதாரணத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் அது.

இனி நம்ம கதை. 1865-லிருந்தே தரைவழியாக ஒரு தந்திப் பாதை துருக்கி, பாரசீக வளைகுடா, கராச்சி என்று இருந்தது. வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஊழியர்கள் திரும்பத் திரும்பத் தட்டி அனுப்பியதில், செய்தி வந்து சேர நாள் கணக்காகும். வந்தாலும் பாதி புரியாது. பெண்டர் கடல்வழியே போனார். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் போர்த்கர்னோ என்ற குட்டிக் கடற்கரைக் கிராமம். அங்கிருந்து லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்ட்ரியா, சூயஸ், ஏடன், பம்பாய்.

இதை அவர் ஒரே கம்பெனியாகச் செய்யவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கம்பெனி, தனிப் பங்குகள். ஒரு கம்பி அறுந்தால் ஒரு கம்பெனிதான் அடிவாங்கும். எல்லாம் நல்லா ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, 1872-ல் சேர்த்துக் கட்டி ஈஸ்டர்ன் டெலிகிராஃப் கம்பெனி ஆக்கினார். 1873-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பல கேபிள் கம்பெனிகளின் பங்குகளை ஒன்றாகப் போட்டு வைக்கிற ஒரு டிரஸ்ட் தொடங்கினார். உங்க போன் ஆப்பில் இருக்கிற மியூச்சுவல் ஃபண்டின் தாத்தா மாதிரின்னு வெச்சுக்கலாம்.

1870 ஜூன் 23 ராத்திரி லண்டன் ஆர்லிங்டன் தெருவில் அவர் வீட்டில் விருந்து. வேல்ஸ் இளவரசர் வந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே தந்திக் கருவி. அங்கிருந்து இந்தியாவில் இருந்த வைஸ்ராய்க்குச் செய்தி போய், சில நிமிடங்களில் பதிலும் வந்தது. இதை உலகின் முதல் லைவ் டெமோன்னே சொல்லலாம். அதே வேகத்தில் நம்ம சென்னைக்கும் வந்தார்கள். 1870–71-ல் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி போடப்பட்டது. அங்கிருந்து ஹாங்காங், ஆஸ்திரேலியா.

சரி, இவரை ஹீரோவாக்கிவிட்டுப் போகலாமா? முடியாது. கம்பி கையில் இருந்ததால் விலையும் கையில் இருந்தது. இந்தியாவுக்கு ஒரு சொல் அனுப்ப நாலு ஷில்லிங் அளவில் பல வருஷம் வாங்கினார்கள். காசை மிச்சம் பிடிக்க வியாபாரிகள் கோட் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லுக்குள் ஒரு முழு வாக்கியம். நீங்க ஜி.எஸ்.எம்., எஃப்.ஓ.பி.ன்னு தட்டுறீங்களே, அதன் முப்பாட்டன். நம்ம பூண்டிக் கோயில் புராணத்தில், சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை வேடர் வேஷத்தில் வந்த சிவகணங்கள் வழிமறித்துப் பறித்ததாக ஒரு கதை இருக்கே! சுந்தரருக்குப் பதிகம் பாடினதும் பொருள் திரும்பக் கிடைத்தது. தந்தி அனுப்பிய வியாபாரிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பசிபிக் கடல் வழியே போட்டிக் கம்பி போட வேண்டும் என்று கனடாக்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டும், பெண்டர் தரப்பு முட்டுக்கட்டை போட்டது. அது முடிந்தது 1902-ல், அவர் இறந்த பிறகு. அரசியலிலும் அப்படித்தான். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1865 தேர்தலில் வாக்காளர்களுக்குப் பணம் போன புகாரில் பதவி இழந்தார். பிறகு வேறு தொகுதியில் ஜெயித்து, சர் பட்டமும் வாங்கிவிட்டார். கம்பியைக் கடல் நீரிலிருந்து காத்த கட்டாபர்ச்சா, மலேயாக் காட்டு மரங்களின் பால். மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். காடு காடாகக் காலியானது.

இன்னொன்று, எனக்கு இதுதான் உறுத்துகிறது. அந்தக் கம்பியில் ஓடியது மான்செஸ்டர் துணிக்கான நம்ம ஊர் ஆர்டர். நம்ம கைத்தறிக்காரர்களின் சந்தையைப் பிடித்த துணி அது. இன்றைக்கு அதே கடல் பாதையில் ஆர்டர் எதிர்த்திசையில் வருகிறது. அங்கே கடையில் தொங்கும் டி-ஷர்ட் இங்கே தைத்தது.

1896 ஜூலையில் பெண்டர் இறந்தார். அவர் பெயரில் திரட்டிய நினைவு நிதியிலிருந்து லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மின்பொறியியல் பேராசிரியர் பதவி ஒன்று உருவானது. அதே கல்லூரிதான் 1973-ல், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் அமெரிக்காவுக்கு வெளியே முதலில் இணைந்த இடங்களில் ஒன்று. தற்செயல்தான், ஆனாலும் நல்லா இருக்கு இல்ல?

அவர் கம்பெனியின் இந்தியக் கிளை என்ன ஆச்சு? 1932-ல் ஒரு ரேடியோ தந்திக் கம்பெனியோடு இணைந்தது. 1947-ல் இந்திய அரசு எடுத்துக்கொண்டது. அந்தத் துறை 1986-ல் வி.எஸ்.என்.எல். ஆனது. 1995 ஆகஸ்ட் 15-ல் நம்ம நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது இந்த வி.எஸ்.என்.எல்.தான். பெண்டர் காலத்து ஏகபோகமும் சேர்ந்தே வந்தது. வெளிநாட்டு அழைப்புகளில் அதன் தனியுரிமை முடிந்தது 2002-ல். அதே வருஷம் தனியார் கேபிள் ஒன்று சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது. மெட்ராஸ்–சிங்கப்பூர் பாதை திரும்பவும்! வி.எஸ்.என்.எல். பிற்பாடு டாடா கைக்குப் போய், டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆனது.

பாதை மாறவே இல்லை என்பதற்கு 2008 ஜனவரி சாட்சி. அலெக்சாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் சேதமானதில் இந்தியாவில் நெட் இழுத்து இழுத்து ஓடியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா பக்கம் கேபிள்கள் அறுந்தபோதும் அப்படித்தான். ஆளு மட்டும் மாறிட்டாங்க. இப்போது கடலில் புதுக் கேபிள் போடுவதில் முன்னணியில் இருப்பது கூகுளும் மெட்டாவும். கம்பியை அதிகம் பயன்படுத்துகிறவர்களே சொந்தமாகப் போட்டுக்கொள்கிறார்கள், மான்செஸ்டர் வியாபாரி செய்த மாதிரியே. 2021-ல் கூகுள் அறிவித்த மும்பை கேபிளுக்கு நம்ம சர் சி.வி.ராமன் பேரை வைத்து 'ராமன்' என்று அழைக்கிறார்கள். அது ஜோர்டான் வரை போய், அங்கிருந்து இன்னொரு கேபிளோடு சேர்ந்து இத்தாலிக்குப் போகும்படி திட்டமிடப்பட்டது. எகிப்தைச் சுற்றிக்கொண்டு!

போர்த்கர்னோவில் பழைய தந்தி நிலையம் இப்போ மியூசியம். 1990-களில் இங்கிலாந்தையும் இந்தியாவையும் தாண்டி ஜப்பான் வரை போட்ட ஒரு கண்ணாடி இழை கேபிளை இங்கிலாந்தில் கரையேற்றியதும் அதே கிராமத்தில்தான்.