ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) பிரித்தானியாவில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற மரபியலாளர் ஆவார். ஆர். ஏ. ஃபிஷர், சியூவல் ரைட் ஆகியோருடன் சேர்த்து, மக்கள்தொகை மரபியலை நிறுவிய மூவருள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். மனித மரபணு ஒன்றில் திடீர்மாற்றம் நிகழும் வேகத்தைக் கணக்கிட்டதும், அரிய தோல் நோய்கள் சிலவற்றின் மரபுவழியைக் கணித முறையில் ஆராய்ந்ததும் இவரது பணிகளுள் அடங்கும். 1957 முதல் இறக்கும் வரை இந்தியாவில் வாழ்ந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹால்டேன் ஆக்சுபோர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். ஆக்சுபோர்டின் நியூ கல்லூரியில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்ற இவர், உயிரியலில் பட்டம் எதுவும் பெறவில்லை. 1915 இல், தங்கை நவோமி, நண்பர் ஸ்ப்ரன்ட் ஆகியோருடன் இணைந்து, எலிகளில் இரு பண்புகளின் மரபணுக்கள் பிணைந்து கடத்தப்படுவதைக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் போரிட்டுக் காயமடைந்தார். ஸ்ப்ரன்ட் அப்போரில் உயிரிழந்தார்.

1923 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1932 இல் அரச கழக உறுப்பினரானார். 1942 இல் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கொள்கை மரபியலை ஒடுக்கிய காலத்தில் அதை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கியமைக்காக இவர் குறை கூறப்பட்டார்.

திடீர்மாற்ற வேகம்

குருதி உறையாமை நோய்க்கான மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. அக்காலத்தில் இந்நோய் கொண்ட ஆண்களுள் பெரும்பாலோர் பிள்ளைப்பேறின்றி இறந்தனர். எக்ஸ் நிறப்புரிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருப்பதால், ஒவ்வொரு தலைமுறையிலும் நோய் மரபணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்க வேண்டும். ஆயினும் நோய் மறையவில்லை. எனவே, இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குப் புதிய திடீர்மாற்றங்கள் தோன்றுகின்றன என்று ஹால்டேன் முடிவு செய்தார். லண்டன் நகரத் தரவுகளைக் கொண்டு, அதன் வேகம் தலைமுறைக்கு ஏறத்தாழ 50,000 இல் ஒன்று என 1935 இல் மதிப்பிட்டார். இத்திடீர்மாற்றங்கள் பெண்களைவிட ஆண்களிடமே மிகுதியாகத் தோன்றுகின்றன என்று 1947 இல் காட்டினார்.

தோல் நோய்கள் பற்றிய ஆய்வு

1936 இல் ஹால்டேன் வெளியிட்ட ஆய்வு இரு அரிய தோல் நோய்களையும் உள்ளடக்கியது. முதலாவது சீரோடெர்மா பிக்மென்டோசம். இந்நோயாளரின் தோல் சூரிய ஒளி பட்டதும் புண்ணாகிக் கரும்புள்ளிகள் கொள்ளும். இளமையிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். இரண்டாவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. இதில் சிறு உராய்விலும் தோல் கொப்புளித்து உரியும்.

எக்ஸ், ஒய் நிறப்புரிகளுக்குப் பொதுவான ஒரு பகுதி உண்டு என்றும், இந்நோய்களின் மரபணுக்கள் அங்கு இருக்கக்கூடும் என்றும் இவர் கருதினார். அவ்வாறாயின், தந்தை அந்த மரபணுவைத் தன் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால் மகன்களும், தாயிடமிருந்து பெற்றிருந்தால் மகள்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட வேண்டும். பெற்றோர் உறவினராக உள்ள குடும்பங்களில் மரபணு வந்த வழியை அறிய முடியும் என்பதால், அக்குடும்பங்களின் வரலாறுகளை ஆராய்ந்தார். நோய் மரபணுக்களின் இருப்பிடம் குறித்த தற்காலிக வரைபடம் ஒன்றையும் அமைத்தார்.

அவ்வரைபடம் நிலைக்கவில்லை. சீரோடெர்மா பிக்மென்டோசம் நோயாளரின் உயிரணுக்கள், புற ஊதாக் கதிரால் சிதைந்த டி. என். ஏ.வைச் சீர்செய்யும் திறனில் குறையுடையவை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968 இல் கண்டறிந்தார். இந்நோய்க்குக் காரணமாக இன்று அறியப்படும் 8 மரபணுக்களுள் எதுவும் பால் நிறப்புரிகளில் இல்லை. ஹால்டேன் ஆராய்ந்த எபிடெர்மோலைசிஸ் வகைக்குக் காரணமான ஏழாம் வகைக் கொலாஜன் மரபணு 3 ஆம் நிறப்புரியில் உள்ளது. எனினும், எக்ஸ், ஒய் நிறப்புரிகளுக்குப் பொதுவான பகுதி உண்டு என்பது 1980களில் மெய்ப்பிக்கப்பட்டது.

இந்தியாவில்

பி. சி. மகலனோபிசின் அழைப்பை ஏற்று, 1957 இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் உடன் கொண்டுவந்தார். 1961 இல் கழகத்தை விட்டு விலகினார். அவ்வாண்டிலேயே இந்தியக் குடியுரிமை பெற்றார். 1962 இல் புவனேசுவரத்தில் மரபியல், உயிரளவையியல் ஆய்வகத்தைத் தொடங்கினார்.

தென்னிந்தியாவில் வழக்கிலிருந்த உறவுமுறைத் திருமணங்கள் மரபியல் ஆய்வுக்கு மிகவும் உகந்தவை என இவர் கருதினார். அக்காள் மகளை மணப்போரின் பிள்ளையிடம், ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருப்பதற்கான வாய்ப்பு 1/8 ஆகும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் அது 1/16 ஆகும். மேற்கூறிய இரு தோல் நோய்களைப் போன்ற ஒடுங்கு நோய்கள் இத்தகைய குடும்பங்களில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம். இவரது மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜு ஆந்திரப் பிரதேசத்தில் இத்திருமணங்களை ஆராய்ந்தார். காது மடலில் மயிர் வளரும் பண்பு ஒய் நிறப்புரி வழியே கடத்தப்படுவதாகவும் துரோணம்ராஜு எழுதினார். தென்னிந்திய ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான மூலக்கூறு ஆய்வு இக்கருத்தை ஆதரிக்கவில்லை.

மறைவு

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஹால்டேன், 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார். இவரது விருப்பப்படி, உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் பயிற்சிக்காக அளிக்கப்பட்டது.