சிறையிலும் குன்றாத ஆனந்தம்

உலகத்தில் இன்பத்தை நாடாதவர் இல்லை. ஆயினும் அடைந்த இன்பத்தை நிலைநிறுத்திக் கொண்டவர் மிகச் சிலரே. பொருள் வந்தால் மகிழ்கின்றோம். அது போனால் வாடுகின்றோம். இன்று பாராட்டுக் கேட்டுப் பூரிக்கும் உள்ளம் நாளை ஏச்சுக் கேட்டுச் சாம்புகின்றது. வறுமையும் சிறையும் பிரிவும் ஒருங்கே வந்த காலத்திலும் பறிபோகாத ஆனந்தம் ஒன்று உண்டோ? உண்டு என்பதற்கு ஆங்கில நாட்டு ஏழைத் தொழிலாளி ஒருவரின் சரித்திரம் சான்று பகர்கின்றது. அவர்தாம் ஜான் பன்யன்.

பெட்போர்டு நகரத்தை அடுத்த எல்ஸ்டோ கிராமத்தில் 1628-ம் ஆண்டில் அவர் பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடுவது தகப்பனார் தொழில். மகனுக்கும் அதுவே பிழைப்பாயிற்று. கல்வி சொற்பம். மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் யுத்தம் மூண்டிருந்த நாட்களில், பதினாறாம் வயதில் பார்லிமெண்டுப் படையிற் சேர்ந்து பணிபுரிந்தார். திரும்பி வந்து மணம் புரிந்து கொண்டார். மனைவி கொண்டு வந்த சீதனம் பக்தி நூல்கள் இரண்டேயாம்.

அந்நூல்களைப் படித்ததும் அவர் உள்ளத்தில் அமைதியின்மை தொடங்கிற்று. நம் நாட்டுக் கிட்டிப்புள்ளைப் போன்ற ஓர் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் ஆடிக் கொண்டிருக்கையில், தாம் பாவி என்ற எண்ணம் அவரைத் திடீரெனத் தாக்கிற்று. நாளடைவில் ஆட்டத்தை விட்டார். கோயில் மணி அடிக்கும் பிரியத்தையும் விட்டார். தீய சொற்களை விட்டார். அயலார் வியந்து புகழ்ந்தனர். அவருக்கோ ஆறுதல் கிட்டவில்லை. ஒரு நாள் பெட்போர்டுத் தெருவில், ஏழைப் பெண்கள் சிலர் வாசலில் வெயிற்காய்ந்த வண்ணம் கடவுளின் கருணையைப் பற்றிப் பேசக் கேட்டார். அவர்கள் பேச்சில் ததும்பிய மகிழ்ச்சி அவரைத் திகைக்கச் செய்தது. நியமங்கள் யாவும் தம்மிடம் இருந்தன. அம்மகிழ்ச்சி மட்டும் இல்லை என்பதை உணர்ந்தார்.

அதன் பின்னரும் ஆண்டுக் கணக்கில் அவர் அவதியுற்றார். இன்று நம்பிக்கை, நாளை நடுக்கம். தமக்கு மன்னிப்பே இல்லை என்று நெடுநாள் கலங்கினார். இறுதியில் வயல்வெளியில் நடந்து செல்லும்போது ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. தம்மை நீதிமானாக்குவது தம் மனநிலையன்று. பரலோகத்தில் வீற்றிருக்கும் கிறிஸ்துவே தமது நீதி. தாம் உற்சாகமாய் இருப்பதால் அந்த நீதி வளராது, சோர்ந்திருப்பதால் தேயாது. இதை அறிந்த கணமே கால்விலங்கு கழன்றதாக அவர் உணர்ந்தார். அவருடைய ஆனந்தத்தின் வேர் இதுவேயென்று நாம் கருதுகின்றோம். தமக்குள்ளே நாள்தோறும் தேடியபோது அகப்படாத மகிழ்ச்சி, தமக்கு வெளியே மாறாத ஒருவரைப் பற்றிக் கொண்டபோது கிடைத்தது.

பின்னர் அவர் பிரசங்கம் செய்யலானார். ஜனங்கள் திரண்டனர். 1660-ம் ஆண்டில் மன்னராட்சி மீண்டதும், அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பே கூடி வழிபடுவோர் மீது பழைய சட்டம் பாய்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 12-ம் தேதி, வாரண்டு பிறந்துள்ளதென்று முன்னறிந்திருந்தும் ஓடி ஒளியாமல், கூட்டத்தில் பேசச் சென்ற பன்யன் கைதானார். சட்டம் பயின்றோர் இவ்வழக்கைக் கவனித்தல் தகும். சாட்சி விசாரணை ஏதுமில்லை. நீதிபதிகளுடன் அவர் நிகழ்த்திய வாதத்தையே குற்ற ஒப்புதலாகக் கொண்டு தண்டித்து விட்டனர். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று வாக்களித்தால் விடுதலை, இல்லையேல் நாடுகடத்தல், அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. அவ்வாக்கை அவர் தர மறுத்தார். நாடுகடத்தல் நடைபெறவில்லை, சிறைவாசம் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது.

இந்த உறுதிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. முதல் மனைவி இறந்து விட, நான்கு குழந்தைகளை இரண்டாம் மனைவி எலிசபெத் வளர்த்து வந்தார். அவர்களுள் மூத்த பெண் பிறவிக் குருடி. கணவர் கைதான அதிர்ச்சியில் எலிசபெத்துக்கு அகாலப் பிரசவமாகிக் குழந்தை இறந்தது. ஆயினும் அம்மாதரசி 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் முன் நின்று, முறையான விசாரணையின்றித் தண்டித்தது நியாயமன்று என்று அஞ்சாது வழக்காடினார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி மனமிரங்கிக் கேட்டார், பயன் விளையவில்லை. குருட்டுப் பெண்ணை நினைக்குந்தோறும் தம் சதையை எலும்பினின்று பிய்ப்பது போன்ற வேதனையைப் பன்யன் அனுபவித்தார். சிறையில் நாடாக்களுக்கு முனைப்பூண் கட்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார்.

ஆனந்தம் பெற்றவர் அழமாட்டார் என்று எண்ணுவோர் இங்கே சிந்திக்க வேண்டும். தூக்கு மேடையில் தாம் நடுங்கி விசுவாசத்துக்கு இழிவு தேடி விடுவோமோ என்றுகூட அவர் சிறையில் அஞ்சினார். கடவுளின் ஆறுதல் எவ்விதத்திலும் தெரியாத நாட்களும் இருந்தன. அப்போது அவர் செய்த முடிவு யாதெனில், ஆறுதல் வந்தாலும் வராவிட்டாலும் தாம் பற்றிய கையை விடுவதில்லை என்பதே. பலனை எதிர்பாராத அந்தத் துணிவின் பின்னரே அச்சம் அகன்று உள்ளம் நிறைந்தது. இன்பத்தைக் குறியாக வைத்து ஓடியிருந்தால் அவர் முதல் வாரமே வாக்களித்து வீடு திரும்பியிருப்பார்.

1672-ல் மன்னர் அளித்த மன்னிப்பால் விடுதலை பெற்ற அவர், பின்னர் ஒருமுறை சில மாதங்கள் மீண்டும் சிறையிருந்தார். சிறையிலேயே எழுதத் தொடங்கியதாக அறிஞர் பலர் கருதும் மோட்சப் பிரயாணம் 1678-ல் வெளியாயிற்று. அக்கதையில் வரும் யாத்திரிகன், நிராசை என்னும் அரக்கனின் கோட்டையில் அகப்பட்டு அடியும் பட்டினியும் அனுபவிக்கின்றான். வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை முடிவில் நினைவுகூர்ந்து பூட்டுகளைத் திறந்து வெளியேறுகின்றான். சிறையின் தன்மையை அறிந்தவரே இதை எழுத இயலும். நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவ மரபிற் பிறந்து 1858-ல் கிறிஸ்தவராகி, இக்கதையைத் தழுவி 3,000-க்கு மேற்பட்ட விருத்தங்களில் இரட்சணிய யாத்திரிகம் பாடி 1894-ல் வெளியிட்டார். பாத்திரம் அடைப்பவரின் அனுபவம் தமிழ்க் காப்பியமாயிற்று.

பன்யன் இறுதியாகச் செய்த பணியும் பிறர் பொருட்டே. தகப்பன் ஒருவனையும் அவன் மகனையும் சமாதானப்படுத்தக் குதிரையேறிச் சென்று, மழையில் நனைந்து லண்டன் சேர்ந்தார். ஜுரம் கண்டு 1688 ஆகஸ்ட் 31-ந் தேதி காலமானார்.

எம்மதத்தினராயினும் நம் நேயர்கள் இச்சரித்திரத்தில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நாள்தோறும் மாறும் நம் மனத்தின் மீதோ, அதைவிட விரைந்து மாறும் உலகத்தாரின் மதிப்பின் மீதோ கட்டிய மகிழ்ச்சி நில்லாது. மாறாத ஒன்றைப் பற்றி, அதன் பொருட்டு இழக்கவும் துணிந்தவனிடத்திலேயே ஆனந்தம் குடிகொள்ளுகின்றது. பன்யனுக்கு அம்மாறாத பொருள் கிறிஸ்துவாயிருந்தார். பெட்போர்டுச் சிறையின் பூட்டு அவர் உடலைப் பன்னிரண்டு ஆண்டு காத்தது. அவ்வானந்தத்தைப் பூட்டி வைக்க அதனால் முடியவில்லை.