மாத்திரைக்காக 71 வயதில் கிளம்பிய நர்சு

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்று ஓர் ஊர். அங்கே கல் செதுக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாக 1879-ம் ஆண்டில் பிறந்தவர், மார்கரெட் சாங்கர்.

வீட்டில் பிள்ளைகள் 11 பேர்! தாய் 18 தடவை கர்ப்பம் ஆனவர். காசநோய் வேறு. 1899-ல் அவர் இறந்தபோது வயது சுமார் 50.

மார்கரெட் நர்சு ஆனார். நியூயார்க் நகரில் ஏழைகளின் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனார். அடுத்தடுத்துப் பெற்று உருக்குலைந்த தாய்மார்களையும், கருவைக் கலைக்கப் போய் உயிரை விட்டவர்களையும் கண்டார்.

கருத்தடை முறையைச் சொல்லிக் கொடுப்பதே அன்று சட்டப்படி குற்றம். ஆனாலும் 1916 அக்டோபர் 16-ந் தேதி புரூக்ளினில் ஒரு நிலையம் திறந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். சில நாட்களிலேயே போலீசார் புகுந்தனர். மார்கரெட்டுக்கு 30 நாள் சிறை!

இந்தியாவுக்கும் வந்தார். 1935-ல் வார்தாவில் காந்திஜியைச் சந்தித்தார். குடும்பத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. ஆனால் காந்திஜிக்குப் புலனடக்கம் ஒன்றே வழி. கருவிகளும் மருந்தும் அவருக்குப் பிடிக்கவில்லை.

புருஷனை நம்பி இருக்காமல், பெண் தானே விழுங்கும் ஒரு மாத்திரை வேண்டும். இதுதான் மார்கரெட்டின் ஆசை. 71 வயதில் விஞ்ஞானி கிரிகரி பிங்கசைத் தேடிப் பிடித்தார். பணத்துக்கு, காதரின் மெக்கார்மிக் என்ற செல்வச் சீமாட்டியை 1953-ல் அழைத்துப் போனார். அந்த அம்மாள் கொடுத்தது சுமார் 20 லட்சம் டாலர்!

கர்ப்பமான பெண்ணுக்குச் சினை முட்டை வெளிவராது. உடலில் ஊறும் ஒரு சுரப்புநீர் அதைத் தடுக்கிறது. அதே வேலையைச் செய்யும் பொருளை மாத்திரையாக்கினார் பிங்கஸ்.

1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இது சோதனை என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. தலைசுற்றல், வாந்தி என்று பெண்கள் முறையிட்டதையும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. இது பெரும் தவறு. அந்த மாத்திரையில் மருந்தும் மிக அதிகம். பிற்காலத்தில் அளவைப் பல மடங்கு குறைத்தார்கள்.

மார்கரெட்டின் மீதும் குறை உண்டு. சிலர் பிள்ளை பெறவே தகுதியற்றவர்கள் என்று பேசிய கூட்டத்தோடு அவர் சேர்ந்து நின்றார். அதனால் நியூயார்க்கில் அவர் பெயரில் இருந்த மருத்துவ நிலையத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட 2020-ல் முடிவாயிற்று.

1960-ல் அமெரிக்க அரசு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. கணவனும் மனைவியும் கருத்தடை செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கக் கூடாது என்று 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மறு ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் மார்கரெட் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.