வாடகைக்கு இருந்தவர்களை வீட்டுக்காரர் ஆக்கியவர்: யார் இந்த லிம் கிம் சான்?

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதை மீனவர்கள் 'பாடு' முறையில் தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொள்கிறார்கள். அதுக்கு ஊர்க் கட்டுப்பாடு போதும். ஆனால் கரையில் இருக்கும் வீட்டுக்கு ஊர்ச் சொல் போதாது, பட்டா வேணும். அரசு கட்டிக்கொடுத்த வீடா இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: வீடு யார் பேர்ல இருக்கு?

இந்தக் கேள்விக்கு 60 வருஷத்துக்கு முன்பே சிங்கப்பூரில் ஒரு பதில் கிடைத்தது. அதன் பின்னால் இருந்தவர் லிம் கிம் சான்.

யார் இவர்?

1916-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது பிடித்துச் செல்லப்பட்டு சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பிறகு ஜவ்வரிசி தயாரிக்க ஓர் இயந்திரத்தை உருவாக்கி, பெரும் பணக்காரர் ஆனார். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை.

என்ன செய்தார்?

முந்தைய அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். புதிய கழகம் முதல் 5 ஆண்டுகளிலேயே 50,000-ஐத் தாண்டியது. 1961-ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதே இடத்தில் ஒரு வருஷத்துக்குள் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

ஆனால் எல்லாம் வாடகை வீடுகள். 1964-ல், லிம் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, சந்தை விலையைவிடக் குறைவாக வீடுகளை விற்கும் திட்டம் வந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் அதே வீட்டை வாங்கும் வழியும் பின்னர் திறந்தது.

விலை குறைந்தால் போதுமா?

போதவில்லை. முன்பணத்துக்குக் கையில் காசு இல்லாததால் ஆரம்பத்தில் பலர் தயங்கினார்கள். 1968-ல் மத்திய சேம நிதியில் (நம்ம ஊர் பி.எஃப். மாதிரி) இருந்து முன்பணமும் தவணையும் கட்டலாம் என்றானபோதுதான் விற்பனை சூடுபிடித்தது. அதற்குள் லிம் வேறு துறைக்கு மாறிவிட்டார்.

பிரிட்டன் 1980-ல் வேறு வழியில் போனது. அங்கே எத்தனை வருஷம் வாடகைக்கு இருந்தோமோ அதைப் பொறுத்து 33 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி.

குறையே இல்லையா?

இருக்கு. சிங்கப்பூரில் அந்த வீடு 99 வருஷக் குத்தகைதான். கம்பத்து வீடுகளை விட்டு மாடிக்கு ஏறியவர்களில் பலர் பழைய அக்கம்பக்கத்தையும், ஆடு கோழி வளர்த்துக் கிடைத்த வருமானத்தையும் இழந்தார்கள்.

லிம் 2006-ல், 89 வயதில் காலமானார். இன்று சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 10-ல் 8 பேர் கழக வீடுகளில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது சொந்த வீடு.

பழவேற்காட்டில் மாதச் சம்பளமும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. மீன் பட்டால்தான் காசு. அதனால் அங்கே சலுகை என்று ஒன்று வந்தால், தவணை மீன்பாட்டைப் பொறுத்து இருக்கணும், பத்திரம் கைக்கு வரணும், வீடு தண்ணீரைவிட்டுத் தள்ளிப் போகக் கூடாது.