வேட்டைக்காரர்களின் மாணவர்

தென்துருவத்தில் முதன்முதலாகக் கால்பதித்தவர் ரோல்ட் அமுண்ட்சென். அவ்வெற்றிக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, வடதுருவப் பகுதியின் தீவு ஒன்றில், கடல்நாய் வேட்டையாடி வாழும் மக்களிடம் அவர் பாடம் கேட்டார். உடம்பின் வெப்பத்தைக் காப்பது எப்படி என்பதே அப்பாடம்.

நார்வே நாட்டின் போர்கே என்னும் ஊரில் 1872 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16 ஆம் நாள் அமுண்ட்சென் பிறந்தார். தந்தை கப்பல் உரிமையாளர். அவர் மறைந்தபோது அமுண்ட்செனுக்கு வயது பதினான்கு. மகன் மருத்துவராக வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். மகனின் மனமோ பனிக்கடலில் இருந்தது. ஆங்கிலேய மாலுமி ஜான் ஃபிராங்க்ளினின் பயணநூல்களைப் படித்த நாள்முதல் அவ்வேட்கை அவரை விடவில்லை. கடுங்குளிர் காலத்திலும் சன்னல்களைத் திறந்து வைத்து உறங்கி உடலைப் பழக்கினார். 1893 இல் அன்னை மறைந்தபின் மருத்துவப் படிப்பைக் கைவிட்டார்.

குளிரைத் தாங்கிக்கொள்ளும் மன உறுதி இருந்தால் போதும் என்று இளமையில் அவர் எண்ணியிருந்தால் வியப்பில்லை. 1896 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணன் லியோனுடன் ஹர்டாங்கர் மேட்டுநிலத்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடக்க முயன்றபோது அவ்வெண்ணம் நொறுங்கியது. வழி தவறி, உணவும் இழந்த நிலையில், ஓரிரவு பனியைக் குடைந்து அதனுள் படுத்தார். ஈரப்பனி இரவோடு இரவாக இறுகிக் கட்டியாயிற்று. விடிந்தபோது கையைக்கூட அசைக்க இயலவில்லை. அண்ணன் தேடிக் கண்டு தோண்டி எடுத்திராவிட்டால் அவர் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த பாடம் தென்கடலில் கிடைத்தது. 1897 இல் புறப்பட்ட பெல்ஜிகா என்னும் ஆய்வுக்கப்பலில் அவர் துணை அலுவலராகச் சேர்ந்தார். கப்பல் பனியில் சிக்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அசையாது நின்றது. பெட்டி உணவையே உண்ட மாலுமிகளை ஸ்கர்வி நோய் பற்றியது. கப்பல் மருத்துவர் ஃபிரெடரிக் குக்கும் அமுண்ட்செனும் பென்குயின்களையும் கடல்நாய்களையும் வேட்டையாடி, அப்புதிய இறைச்சியை மற்றவர்களுக்கும் உண்ணக் கொடுத்தனர். அதன் சுவையை வெறுத்துத் தள்ளிய கப்பல் தலைவரும் இறுதியில் அதை உண்டே உயிர்பிழைத்தார். பனிநிலத்தில் வேட்டை என்பது பொழுதுபோக்கன்று, மருந்து என்பதை அமுண்ட்சென் அங்கே உணர்ந்தார்.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கு விளிம்பு வழியாகப் பசிபிக் பெருங்கடலுக்குச் செல்லும் வடமேற்குக் கடல்வழியை எந்தக் கப்பலும் அதுவரை முழுமையாகக் கடந்ததில்லை. அதைத் தேடி 1845 இல் புறப்பட்ட ஃபிராங்க்ளினும் இரு பெருங்கப்பல்களில் சென்ற 128 பேரும் திரும்பவேயில்லை. அமுண்ட்சென் தேர்ந்ததோ 47 டன் எடையுள்ள யோவா என்னும் பழைய மீன்பிடிக் கலம். உடன் சென்றோர் அறுவர் மட்டுமே. 1903 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் நள்ளிரவில், கொட்டும் மழையில், கடன் கொடுத்தவர்கள் வந்து கப்பலைப் பிடித்துக்கொள்ளும் முன் அவர் பாய்விரித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கிங் வில்லியம் தீவின் சிறு விரிகுடா ஒன்றில் யோவா நங்கூரமிட்டது. ஃபிராங்க்ளினின் மாலுமிகள் பசியிலும் குளிரிலும் மடிந்தது இத்தீவிலும் இதன் சுற்றுப்புறத்திலுமே.

இலையுதிர்காலத்தில் நெட்சிலிக் வேட்டைக்காரர்கள் அங்கு வந்தனர். கடல்நாயின் மக்கள் என்பது அப்பெயரின் பொருள். ஐரோப்பிய மாலுமிகள் பிணமாய் வீழ்ந்த அதே தீவில், இவர்கள் குழந்தைகளோடும் முதியோரோடும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். எப்படி என்று கேட்பதற்கு அமுண்ட்சென் தயங்கவில்லை. அக்காலத்துப் பயணிகள் பலர் அக்கேள்வியை இழிவாகக் கருதினர் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நெட்சிலிக் மக்களின் குளிர்கால வேட்டை, பொறுமைக்கு ஒரு சோதனை. உறைந்த கடலின் அடியில் வாழும் கடல்நாய், மூச்சுவிடுவதற்காகப் பனிப்பாளத்தில் நகங்களால் துளைகளைச் சுரண்டி வைத்திருக்கும். பனிமூடிய அத்துளையை நாய்கள் மோப்பத்தால் காட்டிக்கொடுக்கும். வேட்டைக்காரர் கையில் எறியீட்டியுடன் அதன் அருகே குனிந்து நிற்பார். காலடியில் பனி நொறுங்கும் சிற்றொலியும் விலங்கை விரட்டிவிடும். ஆதலால் ஒரு தோல்துண்டை விரித்து அதன்மேல் நிற்பார். அது ஒலியையும் அடக்கும், பாதத்தையும் காக்கும். சிலவேளை மணிக்கணக்கில் இவ்வாறு அசையாமல் நிற்க நேரும். நடப்பவனுக்கு நடையே வெப்பம் தரும். அசையாது நிற்பவனுக்கு ஆடையைத் தவிர வேறு துணையில்லை.

அவ்வாடை துருவ மானின் தோலால் ஆனது. அம்மானின் மயிர் ஒவ்வொன்றினுள்ளும் காற்றறைகள் உண்டு. அக்காற்றே வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் வேட்டையாடிய மானின் தோலே ஆடைக்குச் சிறந்தது. பெண்கள் அத்தோலைச் சுரண்டி மென்மையாக்கி, தசைநாரை நூலாகக் கொண்டு நெருக்கமாகத் தைத்தனர். உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும் மேலாடையின் மயிர் வெளிநோக்கியும் அமைந்தன. இரண்டும் தளர்வானவை. அமுண்ட்செனுக்குப் பெரிதும் வியப்பளித்தது இத்தளர்வுதான். இறுக்கமான கம்பளி ஆடை அணிந்து உழைப்பவருக்கு வியர்க்கும். வியர்வை ஆடையில் ஊறும். ஓய்ந்து நின்றதும் அதுவே பனியாக உறையும். வெப்பநாட்டவர்க்கு உடலைக் குளிர்வித்து உதவும் வியர்வை, பனிநிலத்தில் உயிருக்குப் பகையாகிறது. தளர்ந்த தோலாடையிலோ காற்று உலவுவதால் ஈரம் தங்குவதில்லை. அவர் தம் கம்பளி ஆடைகளைக் களைந்து, நெட்சிலிக் மக்களைப் போலவே தோலாடையை உடல்மேல் நேராக அணிந்து பார்த்தார். கடுங்குளிரிலும் இதமாக இருப்பதைக் கண்டு, ஊசி, கத்தி போன்றவற்றைக் கொடுத்துத் தோலாடைகளைப் பண்டமாற்றாகப் பெற்றார்.

தெராயு என்னும் முதியவர் பனிக்கட்டி வீடு கட்டக் கற்பித்தார். நார்வே நாட்டவர் நாள்தோறும் கட்டிக் கட்டிப் பழகினர். அவர்களின் தொடக்கக்கால வீடுகளைக் கண்டு நெட்சிலிக் மக்கள் சிரித்து மகிழ்ந்தனர். சறுக்குவண்டியின் அடிக்கட்டையில் நீரைத் தடவி மெல்லிய பனிப்பூச்சாக உறையவைத்தால் வண்டி வழுக்கிச் செல்லும் என்பதையும் அவர் அவர்களிடமே கற்றார். ஏறத்தாழ ஈராண்டுகள் அங்குத் தங்கியபின், 1905 ஆகஸ்டில் புறப்பட்டு மேற்குக் கடலை எட்டினார். மறு ஆண்டு பசிபிக் கரையின் நோம் நகரை அடைந்து, வடமேற்கு வழியை முழுமையாகக் கடந்த முதற்கலமாக யோவா பெயர் பெற்றது. அது தங்கிய விரிகுடாவில் இன்று ஓர் ஊர் உண்டு. உலகப்படத்தில் அதற்குக் கப்பலின் பெயர். அங்கு வாழும் மக்களுக்கோ அது உக்சுக்தூக், அதாவது கொழுப்பு மிகுந்த இடம்.

1911 ஜனவரியில் தென்துருவக் கண்டத்தின் திமிங்கில விரிகுடாவில் அமுண்ட்சென் பாசறை அமைத்தார். தோழர்களுக்கு நெட்சிலிக் முறையில் தைத்த தோலாடைகள், உணவுக்கு வேட்டையாடிய கடல்நாய் இறைச்சி, வண்டியிழுக்க நாய்கள். எனினும் கற்றவரும் தவறினார். ஆங்கிலேயரான ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் செப்டம்பர் 8 ஆம் நாளே புறப்பட்டார். குளிர் உறைநிலைக்குக் கீழ் 50 பாகையைத் தாண்டியது. தோலாடை இருந்தும் குதிகால்கள் உறைந்தன. திரும்பும் வழியில் தலைவர் முன்னே விரைந்துவிட, பின்தங்கிய தோழர் ஒருவரைக் காத்து அழைத்துவந்தவர் யால்மர் யோஹான்சென். அச்செயலைக் கண்டித்துப் பேசிய யோஹான்செனை அமுண்ட்சென் துருவப் பயணக் குழுவிலிருந்து நீக்கினார். இது அவர் வாழ்வில் மாறாத வடு.

அக்டோபரில் ஐவர் மீண்டும் புறப்பட்டனர். 52 நாய்கள் நான்கு வண்டிகளை இழுத்தன. மிகு குளிருக்குத் தோலாடையும் மற்ற நாள்களில் காற்றுப்புகாத மெல்லிய மேலாடையும் அணிந்தனர். டிசம்பர் 14 ஆம் நாள் தென்துருவத்தை அடைந்து, 1912 ஜனவரி 25 ஆம் நாள் ஐவரும் உயிருடன் திரும்பினர். நாய்களுள் திரும்பியவை பதினொன்றே. ஏனையவற்றுள் பெரும்பாலானவை முன்வகுத்த திட்டப்படி கொல்லப்பட்டு உணவாயின. ஒரு திங்களுக்கு மேல் பிந்தித் துருவத்தை அடைந்த ஸ்காட்டும் அவருடன் சென்ற நால்வரும், வண்டியைத் தாமே இழுத்துத் திரும்பும் வழியில் உயிர்துறந்தனர்.

1926 இல் வான்கலத்தில் வடதுருவத்தின் மேல் பறந்தபோது அமுண்ட்செனுடன் சென்றவர்களுள் இத்தாலியரான நொபிலேயும் ஒருவர். பின்னர் இருவரும் பகைத்தனர். 1928 இல் நொபிலேயின் வான்கலம் பனிக்கடலில் வீழ்ந்ததாகச் செய்தி வந்தது. பகையை ஒதுக்கிவிட்டு, ஜூன் 18 ஆம் நாள் அமுண்ட்சென் அவரைத் தேடி விமானத்தில் புறப்பட்டார். நொபிலே மீட்கப்பட்டார். தேடிச் சென்றவரின் விமானத்திலிருந்து ஒரு மிதவை பின்னர் நார்வேக் கடலில் கிடைத்தது.